அணைகட்டும் விலங்கும் நம் சிறுகுளங்களும்

உலகத்து உயிர்களுட் பெரும்பாலன இயற்கை அளித்த இடத்தையே தமக்கேற்ற உறைவிடமாகக் கொண்டு வாழ்வன. பறவை கூடு கட்டும், எலி வளை தோண்டும், கறையான் புற்றெடுக்கும். ஆயினும், ஓடும் ஆற்றை மறித்து அணையிட்டு, அதன் போக்கை மாற்றித் தனக்கெனக் குளமொன்றை ஆக்கிக்கொள்ளும் ஆற்றலிலே மனிதனுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்க விலங்கு ஒன்றே உண்டு. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதிகளிலும் வாழும் பீவர் என்பதே அவ்விலங்காகும்.

மேனாட்டார் இவ்விலங்கின் தோலுக்காக அதனைப் பல நூற்றாண்டுகளாக வேட்டையாடி ஏறக்குறைய அழித்தனர். இன்றோ, கெட்டுப்போன சிற்றாறுகளைச் செப்பனிடும் பணிக்கு அதனையே மீண்டும் அழைத்துவந்து குடியேற்றுகின்றனர். குளங்களை நம்பி வாழும் நாட்டினராகிய நாம் இச்செய்தியை வியப்புக்குரிய விலங்குக் கதையாக மாத்திரம் படித்து மறந்துவிடலாகாது. இதனுள்ளே நமக்குரிய பாடமொன்று உளது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் இயல்பும்

முதலிற் பெயர் பற்றி ஒரு வார்த்தை. பீவரைத் தமிழில் ‘நீர்நாய்’ எனச் சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. நீர்நாய் என்பது மீனுண்ணும் வேறொரு விலங்கு. சங்கப் புலவர் அதனை நன்கறிவர். வாளை மீனை இரையாகக் கொள்ளும் நீர்நாயை அவர்தம் பாட்டுக்களிற் பலவிடத்துங் காணலாம். இலங்கையின் ஆறுகளிலும் குளங்களிலும் அஃது இன்றும் உண்டு. பீவரோ நம் நாட்டில் என்றும் வாழ்ந்ததில்லை. ஆதலின் அதற்குத் தமிழிற் பழம்பெயரும் இல்லை. இல்லாத ஒன்றுக்கு உள்ள ஒன்றன் பெயரைச் சூட்டுவதினும், வந்த பெயரைத் தமிழ் ஒலிக்கு இயைய வழங்குதலே நேரிது. எனவே நாமும் பீவர் என்றே வழங்குவோம்.

பீவர் எலி, அணில் முதலியவற்றைப் போலக் கொறித்துண்ணும் இனத்தது. வளர்ந்தது இருபது கிலோகிராமுக்கு மேலும் நிறையுடையதாகும். பின்னங்கால் விரல்கள் வாத்தின் கால்போலச் சவ்வினால் இணைந்திருக்கும். வால் தட்டையாய்த் துடுப்பை ஒத்திருக்கும். முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பன. அவற்றின் மேற்பூச்சில் இரும்புச்சத்து விரவியிருத்தலின் அவை செம்மஞ்சள் நிறமும் மிக்க உறுதியும் வாய்ந்தன. இப்பற்களாலேயே பீவர் மரத்தை அடியிற் கடித்து வீழ்த்துகின்றது. அது மீனுண்பதில்லை, மரப்பட்டை, இலை, இளங்கிளை, நீர்ப்பூண்டு ஆகியனவே அதன் உணவு.

அஃது அணை கட்டுவது ஏன்? கரடி, ஓநாய் முதலிய பகைவிலங்குகளினின்றும் தன்னையும் தன் குட்டிகளையும் காத்தற்பொருட்டேயாம். பீவர் குடும்பம் கிளைகளையும் சேற்றையும் குவித்து மேடான வீடொன்றை நீர்நடுவே அமைக்கும். அவ்வீட்டின் வாயில் நீருக்கு அடியில் இருக்கும். நீர் வற்றினால் வாயில் வெளிப்பட்டுவிடும், பகை உட்புகும். ஆகவே ஆழங்குறைந்த ஓடைகளில் வாழும் பீவர், கிளை, கல், சேறு ஆகியவற்றால் குறுக்கணையிட்டு நீரை உயர்த்திவைக்கின்றது. இயல்பாகவே ஆழமுடைய ஆற்றில் வாழ்வது அணை கட்டுவதில்லை. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்திலே பீவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய அணையொன்று ஏறத்தாழ 800 மீற்றர் நீளமுடையது.

இவ்வணையின் சிறப்பு அதன் உறுதியன்று. அது கசியும், வெள்ளம் வந்தால் உடையவுஞ் செய்யும். ஆயின், உடைந்த இடத்தைப் பீவர் உடனே அடைக்கும். நீர் பாயும் ஒலியே அதனை வேலைக்கு எழுப்புகின்றது எனச் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் லார்ஸ் வில்சன் கண்டறிந்தார். ஓடும் நீரின் ஓசையை ஒலிபெருக்கி வாயிலாகக் கேட்பித்தபோது, நீரோட்டமே இல்லாத இடத்திலும் பீவர்கள் கிளைகளைக் கொணர்ந்து அடுக்கத் தொடங்கின. ஒழுக்கு எங்கே கேட்கின்றதோ அங்கே பழுது உண்டு. பழுது உண்டாயின் அன்றிரவே திருத்தல் வேண்டும் என்பது அதன் பிறவி அறிவு. இதனை வாசகர் நினைவிற் கொள்வாராக. பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

அழிவும் அதன் விளைவும்

பீவரின் அடர்ந்த உரோமம் தொப்பிக்குரிய கம்பளி செய்தற்கு மிக ஏற்றது. ஐரோப்பாவிலே பீவர் அருகியபின் வணிகர் வட அமெரிக்காவை நாடினர். 1670 இல் நிறுவப்பெற்ற ஹட்சன் குடாக் கொம்பனி முதலிய வணிகக் கழகங்கள் இவ்வுரோமத்தாற் செழித்தன. பிரித்தானியாவில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே பீவர் அற்றுப்போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா, ஆசியா ஆகிய இருபெரு நிலப்பரப்பிலும் எஞ்சியவை ஏறத்தாழ 1,200 மாத்திரமே என மதிப்பிடுவர்.

விலங்கு மறைந்ததோடு அதன் அணைகளும் மறைந்தன. அணை இருந்தவரை, ஓடை படிப்படியாய் அமைந்த பல தேக்கங்களாய் மெல்ல நடந்தது. அணை போனபின், மழைநீர் ஒரே பாய்ச்சலாய் ஓடியது. விரைந்தோடும் நீர் மண்ணை அரித்து அடித்தளத்தைத் தோண்டியது. அடித்தளம் தாழத் தாழ, இருமருங்கும் உள்ள நிலத்தடி நீரும் தாழ்ந்தது. கரையோரத்துச் செடிகொடிகள் வேருக்கு நீர் எட்டாது பட்டன. மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வெறுமணலுமாக ஓடை இருநிலைப்பட்டது. மீன்குஞ்சுகள் தங்குவதற்கு அமைதியான மடு இல்லாதொழிந்தது. ஒரு சிறு விலங்கின் இராவேலை நின்றமையால் ஓராறு முழுவதும் நோயுற்றது.

மீட்கும் முயற்சிகள்

பீவரைக் கொண்டே இந்நோயைத் தீர்க்கலாம் என்னும் எண்ணம் இன்று நேற்று எழுந்ததன்று. 1948 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து வனவிலங்குத் துறையினர் விந்தையானதொரு செயல் புரிந்தனர். குடியிருப்புகளின் அருகே தொல்லை விளைத்த பீவர்களைப் பிடித்து, பாதையில்லாத மலைக்காட்டுப் பகுதிக்கு மாற்ற விரும்பினர். கோவேறு கழுதைகளின் மேலேற்றிச் சென்றால் வெப்பத்தால் அவை மாண்டன. ஆதலின், நிலத்திற் பட்டவுடன் தானே திறக்கும் மரப்பெட்டிகளில் அவற்றை அடைத்து, விமானத்தினின்றும் பரசூட் வழியாக இறக்கினர். அவ்வாறு இறக்கிய 76 பீவர்களுள் ஒன்றைத் தவிர ஏனையவெல்லாம் உயிரோடு நிலஞ்சேர்ந்து தம் தொழிலைத் தொடங்கின.

பிரித்தானியாவில் 2009 இல் ஸ்கொட்லாந்தின் நப்டேல் காட்டிலே நோர்வேயிலிருந்து கொணர்ந்த பீவர்கள் சோதனையாக விடப்பட்டன. இங்கிலாந்தின் டெவன் பகுதியிலே ‘ஒட்டர்’ என்னும் ஆறு ஒன்று உண்டு. அப்பெயரின் பொருள் நீர்நாய் என்பதே! எங்கிருந்து வந்தன என்று அறியப்படாத பீவர்கள் சில அந்நீர்நாயாற்றிற் குடிகொண்டு குட்டி ஈன்றமை 2014 இற் புலனாயிற்று. அரசினர் அவற்றை அகற்ற எண்ணினர்; ஊரவரோ அவை இருக்கவேண்டுமென வேண்டினர். அதன் பயனாக 2015 முதல் 2020 வரை அங்கு முறையான ஆராய்ச்சி நடந்தது. அணைத்தொடர்கள் அமைந்த இடங்களுக்குக் கீழே வெள்ளத்தின் வேகம் தணிந்தமையும், வயல்களினின்றும் வழிந்த மண்ணும் உரச்சத்தும் தேக்கங்களிற் படிந்து நீர் தெளிந்தமையும் அளந்து காட்டப்பட்டன. 2020 இல் அப்பீவர்கள் அங்கேயே வாழ இசைவளிக்கப்பட்டது. 2022 இல் இங்கிலாந்திலே பீவர் சட்டத்தாற் காக்கப்படும் உயிரினமாயிற்று.

செக் குடியரசின் பிர்தி என்னும் காட்டுப்பகுதியில் நிகழ்ந்தது நகைச்சுவையும் உடையது. அங்குள்ள சதுப்பு நிலத்தை மீட்கச் சிறு அணைகள் கட்டுவதற்கு அதிகாரிகள் பல்லாண்டுகளாய்த் திட்டந் தீட்டி, அனுமதிகளுக்காகக் காத்திருந்தனர். அதற்குள் பீவர் குடும்பமொன்று ஏறக்குறைய வேண்டிய இடங்களிலேயே அணைகளைக் கட்டி முடித்துவிட்டது. அரசுக்கு மூன்று கோடி செக் குறூணா மிச்சமாயிற்று என 2025 இற் செய்தி வந்தது.

இவை யாவற்றினும் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஐக்கிய அமெரிக்காவின் ஒறெகன் மாநிலத்துப் பிறிட்ஜ் கிறீக் என்னும் சிற்றாற்றில் நிகழ்ந்ததாகும். அவ்வாறு மிக ஆழமாக அரிப்புண்டு குறுகிய பள்ளமாய்க் கிடந்தது. அங்கே பீவர்கள் இருந்தும் பயனில்லை. கட்டிய அணையெல்லாம் அடுத்த வெள்ளத்தில் அள்ளுண்டு போயின. ஆகவே 2009 முதல் ஆய்வாளர் ஆற்றுப் படுக்கையில் வரிசையாக மரக்கழிகளை அறைந்து, அவற்றினூடே கிளைகளைப் பின்னி, பீவரின் அணையைப்போன்ற போலி அணைகளை அமைத்தனர். பீவர்கள் அவற்றைத் தம்முடையனவாக ஏற்றுக்கொண்டு மேலும் வலுப்படுத்தின. மண் படிந்தது, அடித்தளம் உயர்ந்தது, நிலத்தடி நீர் ஏறியது, கரையிலே மரஞ்செடிகள் தழைத்தன. ஸ்டீல்ஹெட் என்னும் மீனின் குஞ்சுகள் பெருகியமையையும், அவை முன்னிலும் மிகுதியாகப் பிழைத்தமையையும் 2016 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஈண்டு மனிதன் விலங்குக்கு மாணாக்கனாயினான். அணை சிறிதாயினும் வரிசையாயிருத்தல் வேண்டும். ஒன்று தவறினாலும் மற்றொன்று தாங்கும். கட்டியபின் காப்பவர் ஒருவர் அங்கேயே வாழ்தல் வேண்டும். இம்மூன்றுமே அவன் கற்ற பாடங்கள்.

மறுபக்கம்

நன்மையை மாத்திரங் கூறித் தீமையை மறைத்தல் முறையன்று. பீவர் வயலை நீரில் மூழ்கச் செய்வதுண்டு, தெருவின் அடியிலுள்ள மதகுகளை அடைப்பதுண்டு, பழமரங்களை வீழ்த்துவதுமுண்டு. ஆதலின் அணையினூடே குழாய் செலுத்தி நீர்மட்டத்தைத் தணித்தும், மரங்களுக்குக் கம்பிவலை சுற்றியும், சிலவிடங்களிற் பிடித்து இடமாற்றியும் மேனாட்டார் இதனைச் சமாளிக்கின்றனர்.

இதனினும் பெரிய எச்சரிக்கை தென்னமெரிக்காவினின்றும் வருகின்றது. 1946 இல் ஆர்ஜெந்தீன அரசினர் உரோம வணிகத்தை வளர்க்க எண்ணிக் கனடாவிலிருந்து பீவர்களைக் கொணர்ந்து, நாட்டின் தென்கோடியிலுள்ள தியெரா டெல் ஃபுவேகோ என்னுந் தீவில் விட்டனர். அங்கே அவற்றுக்குப் பகைவிலங்கு இல்லை. அந்நாட்டு மரங்கள், வட அமெரிக்க மரங்களைப்போல வெட்டுண்டபின் அடியிலிருந்து தழைப்பவையும் அல்ல. பீவர்கள் பெருகிச் சிலி நாட்டுப் பகுதிக்கும் பரவிக் காடுகளைப் பாழாக்கின. பிறந்த மண்ணிலே வைத்தியனாயிருந்த விலங்கு, புகுந்த மண்ணிலே நோயாயிற்று.

நாமும் இத்தகைய அனுபவம் பெற்றவரே. அழகுப் பூவென வந்த ஆகாயத்தாமரை நம் குளங்களை மூடியபோது, அதனை ஒழிக்க 1909 இலேயே இலங்கையிற் கட்டளைச் சட்டம் இயற்ற நேர்ந்தது. 1939 இற் பாடஞ்சொல்லும் பொருட்டுக் கொணர்ந்த சல்வீனியா என்னும் நீர்ப்பாசி நாடெங்கும் பரவி வயலையும் வாய்க்காலையும் அடைத்தது. ஆகவே பீவரை இங்குக் கொண்டுவருவோம் என எவரேனும் கூறின் அது பேதைமையேயாம். விலங்கு நமக்கு வேண்டாம். அதன் தொழிலின் நுட்பமே வேண்டும். அந்நுட்பமோ நம் முன்னோர் அறியாததன்று.

நம் நாட்டு அணைத்தொடர்

நம் திருகோணமலை மாவட்டம் உலர் வலயத்தைச் சேர்ந்தது. வாடைக் காற்றோடு வரும் மாரி சில மாதங்களிற் கொட்டித் தீர்க்கும். பின்னர்க் கச்சான் வீசும் நெடுங்கோடையில் ஓடைகள் வெறும் மணற்றடங்களாய்க் கிடக்கும். இத்தகைய நிலத்தில் வாழ்வு வேண்டுவோர் மாரியைக் கோடைக்குக் கடத்தும் வழி கண்டாலன்றி உய்தியில்லை. இதனை நன்குணர்ந்தே, புறநானூற்றுப் புலவராகிய குடபுலவியனார், பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி, பள்ளமான இடங்களில் எல்லாம் நீரைத் தடுத்துத் தேக்குமாறு அறிவுறுத்தினார். நம் கோணமாமலையின் தொன்மரபிலே போற்றப்படும் மன்னனுக்குக் குளக்கோட்டன் என்பதே பெயர். குளமும் கோட்டமும் அமைத்தமையால் அப்பெயர் வந்தது என்பர். கந்தளாய்க் குளத்தை அவனோடு சார்த்திக் கூறும் மரபு நம்மிடையே நிலவுகின்றது. வரலாற்றாசிரியர் அதனை ஏழாம் நூற்றாண்டின் மன்னனாகிய இரண்டாம் அக்கபோதியோடு தொடர்புபடுத்துவர். எவர் செய்தனராயினும், தம்பலகாமத்து வயல்களுக்கு உயிரூட்டுவது அக்குளமே.

பெருங்குளங்களை அனைவரும் அறிவர். ஆயின் பீவரின் அணையோடு ஒப்பிடத்தக்கவை ஊர்தோறும் உள்ள சிறுகுளங்களே. உலர் வலயத்தில் இவை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டன. வரைபடத்தில் இவற்றை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். இவை அங்குமிங்குமாய்ச் சிதறிக் கிடப்பன அல்ல. ஒரே ஓடையின் வழியே, மணிகளைக் கோத்த மாலைபோல ஒன்றன்கீழ் ஒன்றாய் அமைந்தன. மேற்குளத்தின் வான் பாய்ந்த நீரும், அதன் வயலிலிருந்து வடிந்த நீரும் கீழ்க்குளத்தை அடையும். அங்கிருந்து அடுத்ததை அடையும். ஒரு துளி நீர் பலமுறை பயன்பட்டபின்னரே கடலைக் காணும். சிங்களத்தில் ‘எல்லங்காவ’ எனப்படும் இக்குளத்தொடர் முறையைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985 இல் ஆராய்ந்து விளக்கினார். 2017 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் இதனை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

சிறுகுளம் என்பது கட்டும் நீரும் மாத்திரமன்று. அதன் மேற்புறத்தே காட்டினுள் மிகச்சிறிய குளமொன்று இருக்கும். பயிருக்கு அதினின்றும் நீர் எடுப்பதில்லை. வண்டல் அங்கே படியும், காட்டுவிலங்கு அங்கே நீருண்ணும். அடுத்து, அலைகரையிலே மரநிரை. அது காற்றின் வேகத்தைத் தணித்து நீர் ஆவியாதலைக் குறைக்கும். அம்மரங்களுக்கும் நீர் வரும் வழிக்கும் இடையே புற்றரை. அது மண்ணை வடித்து நீரை மாத்திரம் விடும். கட்டுக்குக் கீழே, வயலுக்கு மேலே, மருதும் தாழையும் பிறவும் செறிந்த தாழ்நிலம். கட்டின் கசிவோடு வரும் உப்பை அது தடுத்து வயலைக் காக்கும். சிங்கள ஊரவர் இவற்றைக் குளுவெவ, கஸ்கொம்மன, பெரஹன, கட்டக்கடுவ என முறையே பெயரிட்டு வழங்குவர்.

இனி ஒப்பிட்டு நோக்குவாம். பீவரின் அணையும் நம் சிறுகுளமும் விரையும் நீரை நடக்கச் செய்வன, வண்டலைப் பிடிப்பன, சூழவுள்ள கிணறுகளுக்கும் வேர்களுக்கும் நீரூட்டுவன, மீன், தவளை, பறவை, விலங்கு யாவற்றுக்கும் இடந்தருவன. வேற்றுமையும் உண்டு. பீவரின் அணை கசிதல் அதற்கு இயல்பு. நம் மண்கட்டிலோ கசிவு பெருகுதல் கேடு. பீவரின் அணை உடைந்தால் ஓடைக்குள் அடங்கும்; நம் பெருங்கட்டு உடைந்தால் ஊரே அழியும். 1986 ஏப்ரல் 20 ஆம் நாள் அதிகாலையிலே கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இம்மாவட்டத்தவர் மறக்கவியலாது. எனவே நம் கட்டுக்குக் காவல் பீவரின் அணைக்கு வேண்டுவதினும் பன்மடங்கு வேண்டும்.

காவல் குன்றியது எவ்வாறு?

முன்னாளில் அக்காவலை வழக்கமே செய்தது. ஆண்டுதோறும் மாரிக்கு முன் ஊரார் கூடிக் கட்டுக்கு மண்ணிட்டனர், துருசைத் துப்புரவு செய்தனர், வாய்க்கால் வெட்டினர். 1832 இல் ஆங்கில அரசினர் இராசகாரிய முறையை ஒழித்தனர். கட்டாய ஊழியம் ஒழிந்தமை நன்றே. ஆயின் அதனோடு சேர்ந்து, பொதுக் குளத்துக்குப் பொது உழைப்பு என்னும் நியதியும் தளர்ந்தது. ஊர்க் குளங்கள் பல தூர்ந்தன. பின்வந்த சட்டங்கள் அவ்வழக்கத்தை ஓரளவு மீட்க முயன்றன. அண்மைக் காலத்தே 1983 முதல் 2009 வரை நீடித்த போரினால் மக்கள் இடம்பெயர்ந்த ஊர்களில், கட்டைப் பார்க்கக் கண்ணும் ஒழுக்கைக் கேட்கச் செவியும் இல்லாது குளங்கள் கிடந்தன.

இன்று 200 ஏக்கர் வரை நீர் பாய்ச்சும் சிறுகுளங்கள் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்க் கமநலத் திணைக்களத்தினதும் கமக்காரர் அமைப்புகளினதும் பொறுப்பிலுள்ளன. குளங்களைத் தனித்தனியே அன்றித் தொடராகத் திருத்தவேண்டும் என்னும் கருத்தும் செயலாகி வருகின்றது. பசுமைக் காலநிலை நிதியத்தின் உதவியோடு 2017 இல் தொடங்கிய திட்டமொன்று மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயா ஆகிய ஆற்றுப் படுகைகளின் குளத்தொடர்களை எடுத்துக்கொண்டது. இவற்றுள் யான் ஓயா நம் மாவட்டத்திலே, புல்மோட்டைக்கு அருகே கடலிற் கலப்பது.

தொடராகத் திருத்தல் ஏன் வேண்டும்? மேற்குளத்தின் வானை மிக உயர்த்தினால் கீழ்க்குளம் பட்டினி கிடக்கும். கீழ்க்குளத்தை மாத்திரம் தூர்வாரி, மேலுள்ள காட்டையும் புற்றரையையும் உழுது விதைத்தால், வாரிய தூர் சில மாரிகளில் மீண்டும் வந்து நிரம்பும். கட்டின்மேல் முளைத்த மரத்தை நிழலெனக் கருதி விட்டுவைத்தால், அதன் வேர் பட்டு உக்கியபின் அவ்வழியே நீர் துளையிடும். கட்டின்கீழுள்ள தாழ்நிலத்து மரத்தையோ பயனில்லையென வெட்டினால் வயலில் உப்பேறும். எங்கே மரம் ஆகாது, எங்கே மரம் வேண்டும் என்று அறிவதே குளக்காவலின் அரிச்சுவடி.

ஒன்றை மிகைப்படுத்திக் கூறலாகாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையால் மகாவலி பெருக்கெடுத்து மூதூர், வெருகல் பக்கங்களை மூழ்கடித்தது. மலைநாட்டினின்றும் இறங்கும் அத்தகைய வெள்ளத்தைச் சிறுகுளங்கள் தடுத்துவிடும் என நாம் கூறவில்லை. மேனாட்டிலும் பீவரின் அணை பேராற்று வெள்ளத்தை நிறுத்துவதன்று. ஆயின், நம் சிற்றோடைகளில் ஆண்டுதோறும் வரும் வெள்ளத்தைத் தணித்தலும், கோடையிற் கிணறு வற்றாது காத்தலும், தம்பலகாமக் குடாவிலும் கொட்டியாரக் குடாவிலும் சென்று சேரும் மண்ணைக் குறைத்தலும் அவற்றால் ஆகும். ஓடையின் தலைமாட்டில் நாம் விடும் பிழை கண்டற் காட்டையும் துறைமுகத்தையும் சென்றடைகின்றது என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

மாணவருக்கும் பழைய மாணவருக்கும்

நம் கல்லூரியோடு தொடர்பு பூண்ட விபுலாநந்த அடிகளார் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கு கற்ற பெருமகனார். அவர் வழியில் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பன்குளம், ஆண்டாங்குளம், முதலிக்குளம், வெண்டரசன்குளம் என நம் ஊர்ப்பெயர்களே குளப்பெயர்களாய் இருக்கின்றன. இவற்றைத் தமிழ்ப் பாடத்தில் இடப்பெயராய்வாகக் கற்பிக்கின்றோம். அப்பெயர்களுக்குப் பின்னேயுள்ள குளங்களைச் சென்று காணுதல் அதனினும் சிறந்த பாடம். தம் ஊர்க் குளம் எத்தொடரைச் சேர்ந்தது, மேலே எக்குளம், கீழே எக்குளம், வான் எங்கே, துருசு எத்தனை, அலைகரையில் மரம் உண்டோ என மாணவர் குறித்து வரைபடம் வரைவாராயின், புவியியலும் விஞ்ஞானமும் தமிழும் ஒரே நாளிற் கற்றவராவர். மாதந்தோறும் நீர்மட்டத்தை அளந்து எழுதிவைத்தால், சில ஆண்டுகளில் அது கமக்காரர்க்கும் அதிகாரிகட்கும் பயன்படும் ஆவணமாகும். முதியோர் வாயில் மாத்திரம் வாழும் குளத்துறுப்புகளின் தமிழ்ப் பெயர்களும் அப்போது ஏட்டில் ஏறும். அவை அவரோடு மறைந்துபோதல் நமக்கு இழப்பாகும்.

பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், நிருவாகத்தினர் உளர், கமஞ்செய்வோர் உளர், கடல்கடந்து, பீவர் வாழும் நாடுகளிலேயே வாழ்வோரும் உளர். ஊரிலுள்ளோர் போகந்தோறும் கூடும் கமக்காரர் கூட்டத்திற்கு ஒருமுறையேனும் செல்வாராக. குளத்துக்குப் பணம் அனுப்ப விரும்புவோர், கட்டுவதற்கு மாத்திரமன்றிக் காப்பதற்கும் அனுப்புவாராக. திறப்புவிழாக் கல்லிற் பெயர் பொறிக்கப்படும் வேலைக்குப் பொருள் எளிதில் திரளும். ஆண்டுதோறும் எலிவளை அடைத்து, பற்றை வெட்டி, மண்ணிடும் வேலைக்குத் திரள்வது அரிது. குளத்தைக் காப்பதோ இவ்வேலைதான்.

பீவருக்கு அறிவுநூல் இல்லை, சட்டம் இல்லை, திட்டமும் இல்லை. நீர் ஒழுகும் ஓசை காதில் விழுந்தால் எழுந்து சென்று அடைக்கவேண்டும் என்பது மாத்திரமே அதற்குத் தெரியும். அவ்வொன்றினாலேயே அது காட்டாறுகளை வாழ்வித்தது. நம் முன்னோர் அதே செவியை ஊர்வழக்கமாக வளர்த்திருந்தனர். அச்செவி இன்று மந்தமாயிற்றே அன்றி முற்றும் அற்றுப்போகவில்லை. மாரி பிறக்குமுன் கட்டைச் சுற்றிவரும் கமக்காரரை இன்றும் நம் ஊர்களிற் காணலாம். அவரோடு நடக்க இளைஞர் சிலர் முன்வருவாராயின், நம் சிறுகுளங்கள் வாழும்; குளம் வாழின் ஓடை வாழும்; ஓடை வாழின் வயலும் கடலும் வாழும்.